பிக்குணி படாசாரை அம்மையார்

ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த படாசாரை அம்மையார், விநயம் அறிந்த பிக்குணிகளுள் முதன்மையானவரெனப் பகவான் புத்தராற் போற்றப்பெற்றவர். அவர்தம் பாடல்கள் தேரிகாதையில் உள்ளன. அவர்தம் வரலாற்றைத் தென்னாட்டுப் பதரதித்த விகாரையில் வாழ்ந்த ஆசாரியர் தம்மபாலர் தம் உரையில் விரித்தெழுதியுள்ளார்.

கோசலநாட்டுத் தலைநகராகிய சிராவஸ்தியில் செல்வர் ஒருவரின் மகளாய்ப் பிறந்தவர் இவ்வம்மையார். இல்லத்துப் பணியாளன் ஒருவனை விரும்பினார். பெற்றோர் வேறிடத்தில் மணம் பேசவே, அவனுடன் சென்று தொலைவிலிருந்த சிற்றூரொன்றில் உழைத்துண்டு வாழ்ந்தார். மூத்த மகன் பிறந்தான். மீண்டும் கருவுற்றபோது, கணவனோடும் மகனோடும் தாய்வீடு நோக்கிப் புறப்பட்டார்.

வழியிலே பெருமழை பிடித்துக்கொண்டது. மறைப்புக் கட்டக் கழி வெட்டச் சென்ற கணவன் பாம்பு தீண்டி மாண்டான். அவ்விரவில், அம்மழையிலேயே, இரண்டாம் மகன் பிறந்தான். பொழுது விடிந்தபின் கணவன் உடலைக் கண்டு அழுது, மக்களோடு நடந்து அசிரவதி ஆற்றை அடைந்தார். இருவரையும் ஒருங்கே தூக்கிக் கடக்க வலுவில்லை. சிசுவை அக்கரையில் கிடத்திவிட்டு மூத்தவனுக்காக நடு ஆற்றிற்குத் திரும்புகையில், பருந்தொன்று சிசுவைக் கவர்ந்தது. அதனை ஓட்டக் கையசைத்துக் கூவினார். தன்னை அழைப்பதாக எண்ணிய மூத்தவன் நீரில் இறங்க, வெள்ளம் அவனைக் கொண்டுபோயிற்று. நகரை நெருங்கியபோதோ, முன்னிரவு மழையில் வீடிடிந்து மாண்ட தாய், தந்தை, தமையன் மூவரும் ஒரே சிதையில் எரிகின்ற செய்தி எட்டியது. அவர் சித்தம் கலங்கியது. ஆடை நழுவியதும் அறியாது தெருவில் அலைந்தார். பித்தியென்று ஊரார் மண்ணையும் குப்பையையும் எறிந்தனர்.

அந்நிலையில் அவர் ஜேதவனத்துட் புகுந்தார். தடுக்க முயன்றோரைப் பகவான் விலக்கினார். அன்பர்களே! முதலில் பகவான் அறம் உரைத்தாரல்லர். தங்கையே என அன்புடன் விளித்து, நினைவைத் திரும்பப் பெறுமாறு பணித்தார். நினைவு மீண்டதும் நாணம் மீண்டது. ஒருவர் தம் மேலாடையை வீசினார், அதனை உடுத்தார். தம் துயரை முழுதும் சொல்லி முடித்தார். அதன் பின்னரே, எண்ணிறந்த பிறவிகளில் இறந்தோர்க்காகச் சிந்திய கண்ணீர் நாற்கடல் நீரினும் மிகுதி என்பதையும், மரணம் வரும்போது சுற்றத்தார் காவலாகார் என்பதையும் பகவான் அருளினார். அம்மையார் துறவு வேண்டினார். பிக்குணி சங்கத்தில் சேர்க்கப்பெற்றார்.

துறவு பூண்ட அன்றே வீடுபேறு எய்திவிடவில்லை. நாள்தோறும் ஒழுக்கங் காத்து முயன்றார். ஒருநாள் கால் கழுவ நீர் வார்த்தார். முதல்முறை வார்த்த நீர் சிறிது ஓடி மண்ணில் மறைந்தது. இரண்டாம் முறை வார்த்தது சற்று அப்பால். மூன்றாம் முறை இன்னும் அப்பால். உயிர்களும் இவ்வாறே இளமையிலும் நடுவயதிலும் முதுமையிலும் மறைவதை அந்நீரிற் கண்டார். மனம் ஒருமைப்பட்டது. அன்றிரவு அறையில் விளக்குத் திரியை ஊசியால் உள்ளிழுத்தார், சுடர் அவிந்தது, பற்றும் அவிந்தது. பிற்காலத்தில் மக்களை இழந்து வந்த தாய்மார் பலரை அவரே தேற்றி அறவழியில் நிறுத்தினார்.

வேலை இழந்தோரும், கடன்பட்டோரும், பிணியுற்றோரும், பிள்ளையைப் பறிகொடுத்தோரும் நம்மிடையே உளர். அவரைக் காணும்போது உடனே உபதேசம் தொடங்குதல் முறையன்று. அன்புடன் அழைத்தல், மானம் காத்தல், சொல்வதைக் கேட்டல் ஆகியவை முன்னே நிற்கட்டும். அறவுரை பின்னே வரட்டும். துயருற்றவரோ, கலக்கம் மிகும்போது செய்யும் சிறுதொழிலில் கருத்தைப் பதிக்கவேண்டும். நற்கடைப்பிடிக்குக் காடு தேட வேண்டுவதில்லை. கால் கழுவும் செம்பு நீரே அம்மையார்க்குப் போதுமானதாயிற்று.

எல்லா உயிர்களும் இன்புறுக!