ஜோ டேவிஸ்

ஜோசப் டேவிஸ் (ஏப்ரல் 15, 1901 - ஜூலை 10, 1978) இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்னூக்கர், பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர் ஆவார். ஜோ டேவிஸ் என்ற பெயரால் பரவலாக அறியப்படுகிறார். 1927 ஆம் ஆண்டு நடந்த முதலாவது உலக ஸ்னூக்கர் வாகையாளர் போட்டியில் வென்ற இவர், 1946 வரை நடந்த 15 போட்டிகளிலும் ஒருமுறையேனும் தோற்காமல் பட்டத்தைத் தக்கவைத்துக் கொண்டார். வலிமையாக அடித்தும் பந்தைப் பிசகின்றிக் குழியில் வீழ்த்தும் முறையை ஒழுங்குபடுத்தி, அதனை நூலாகவும் எழுதி வைத்தவர் என்ற வகையிலும் இவர் நினைவுகூரப்படுகிறார்.

இளமை

டேவிஸ் டார்பிஷயர் மாவட்டத்தில் விட்வெல் என்னும் ஊரில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாக இருந்த இவரது தந்தை, பின்னர் செஸ்டர்ஃபீல்டு நகருக்கு அருகில் மதுவிடுதி ஒன்றை நடத்தினார். அங்கிருந்த பில்லியர்ட்ஸ் மேசையில்தான் டேவிஸ் ஆடப் பழகினார். தம் 13 ஆவது வயதிலேயே செஸ்டர்ஃபீல்டு வட்டாரத்தின் தொழில்சாரா பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். 18 ஆவது வயதில் தொழில்முறை ஆட்டக்காரரானார்.

இவரது வலக்கண்ணில் பார்வை மிகவும் குறைவு. ஆகவே இடக்கண்ணைக் கொண்டே குறி பார்த்தார். பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்குக் கோல் முகவாயின் நடுவில் அமையும். டேவிசுக்கோ அது முகவாயின் இடப்பக்கம் ஒட்டிச் சென்றது. இக்குறையைப் பொருட்படுத்தாமல் ஆடினார் என்பதைவிட, இதற்கு ஏற்றவாறே தம் நிற்கும் முறையை அமைத்துக் கொண்டார் என்பதே பொருந்தும்.

பில்லியர்ட்சிலிருந்து ஸ்னூக்கருக்கு

1920களில் இங்கிலாந்தில் செல்வாக்குப் பெற்றிருந்த ஆட்டம் பில்லியர்ட்ஸ் ஆகும். ஸ்னூக்கர் அதன் இடைவேளைப் பொழுதுபோக்காகவே கருதப்பட்டது. 1875 இல் இந்தியாவின் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற பிரித்தானியப் படை அதிகாரியால் தொடங்கப்பட்ட ஸ்னூக்கருக்கு, 1882 இல் உதகமண்டலத்தில் உள்ள ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதப்பட்டன. (இவர் பின்னாளில் அதே பெயரில் பிரித்தானியப் பிரதமராக இருந்தவர் அல்லர்.)

டேவிஸ் பில்லியர்ட்சிலும் தேர்ந்தவர். 1928, 1929, 1930, 1932 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றார். எனினும் அந்த ஆட்டம் தன் திறமையாலேயே தளர்ந்து கொண்டிருந்தது. 1932 ஜனவரியில் ஆஸ்திரேலியரான வால்டர் லிண்ட்ரம் இலண்டனில் ஒரே தொடரில் 4137 புள்ளிகள் எடுத்தார். அவ்வளவு நேரமும் எதிராளியாக நாற்காலியில் அமர்ந்திருந்தவர் டேவிஸ்தான். மணிக்கணக்கில் நீளும் இத்தகைய தொடர்கள் பார்வையாளர்களைச் சலிப்படையச் செய்தன.

விரைவில் முடியும் ஸ்னூக்கரை மக்கள் விரும்புவர் என்பதை டேவிஸ் முன்பே கணித்திருந்தார். பர்மிங்காமில் பில்லியர்ட்ஸ் கூடம் நடத்திய பில் காம்கின் என்பவருடன் சேர்ந்து உலகப் போட்டி ஒன்றை நடத்துமாறு பில்லியர்ட்ஸ் சங்கத்தை இணங்கச் செய்தார். 1927 மே மாதம் காம்கின் கூடத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் டாம் டென்னிசை 20-11 என்ற கணக்கில் வென்றார். பரிசுத் தொகை 6 பவுண்டு 10 ஷில்லிங் மட்டுமே. அப்போட்டியின் மிகப் பெரிய தொடர் 60 புள்ளிகள். அதுவும் டேவிஸ் எடுத்ததன்று. 1931 இல் டேவிசும் டென்னிசும் தவிர வேறு எவரும் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை.

ஆட்டமுறை

பில்லியர்ட்சில் மூன்று பந்துகளே உண்டு. அதில் பந்தைக் குழியில் வீழ்த்துவது புள்ளி பெறும் வழிகளுள் ஒன்று மட்டுமே. ஸ்னூக்கரில் அதுவே முதன்மையான வழி. பில்லியர்ட்சின் மென்மையான தொடுகை மட்டும் இதற்குப் போதாது என்பதை உணர்ந்த டேவிஸ், நேராகக் கோலை ஓட்டும் முறையை வளர்த்தெடுத்தார்.

மெதுவாகச் செல்லும் பந்து குழியின் வாய் ஓரத்தில் பட்டாலும் உள்ளே விழுந்துவிடக்கூடும். வேகமாகச் செல்லும் பந்து அதே இடத்தில் பட்டால் இரு ஓரங்களுக்கும் இடையே மோதி வெளியே தெறிக்கும். அதாவது, வேகம் கூடக்கூட குழி குறுகிவிடுகிறது எனலாம். அப்படியிருந்தும் வலிமையான அடி ஏன் தேவைப்படுகிறது? வெள்ளைப் பந்து அடுத்த பந்துக்கு ஏற்ற இடத்தில் சென்று நிற்க வேண்டும். குவியலாக உள்ள சிவப்புப் பந்துகளைச் சிதறடிக்கவும் வேண்டியிருக்கும். மேலும், வெள்ளைப் பந்தின் அடிப்பகுதியில் அடித்துப் பெறும் பின்சுழற்சி, துணியில் உராய்ந்து வழியிலேயே குறைந்துவிடுகிறது. எனவே தொலைவிலுள்ள பந்தை வீழ்த்திவிட்டு வெள்ளைப் பந்தைப் பின்னோக்கி வரச்செய்ய வேகம் இன்றியமையாதது. டேவிஸ் காலத்து மேசைத் துணிகள் தடித்த இழைகளைக் கொண்டவை. பந்து அவற்றில் இன்றைய அளவுக்கு எளிதில் ஓடாது என்பதையும் கருத வேண்டும்.

வலிமையாக அடிக்கும்போது குறி தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் கண்ணன்று, உடலே. தலை உயர்கிறது, தோள் திரும்புகிறது, கோலைப் பிடித்த கை இறுகுகிறது. இவற்றால் கோல் சிறிதளவு விலகினாலும் பன்னிரண்டு அடி நீள மேசையின் மறுமுனையில் பந்து குழியைத் தவறவிடும். இதற்கு டேவிஸ் கண்ட தீர்வு எளிமையானது. வலக்காலை நேராக ஊன்றி, இடக்காலைச் சற்று மடித்து, இடக்கையை முன்னே நீட்டி, கோல் முகவாயிலும் மார்பிலும் உராயுமாறு தாழ்ந்து நிற்பது. முழங்கைக்குக் கீழ் உள்ள பகுதியை மட்டும் அசைப்பது. பந்தில் பட்ட பின்னும் கோலை அதே நேர்கோட்டில் முன்னே செல்ல விடுவது. இம்முறையில் வேகம் தசையின் வலிமையிலிருந்து அன்றி, கோல் தடையின்றி விரைவு பெறுவதிலிருந்தே கிடைக்கிறது.

இவர் ஒவ்வொரு பந்தையும் ஓங்கி அடித்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. கறுப்புப் பந்தைச் சுற்றியே வெள்ளைப் பந்தை வைத்துக்கொண்டு புள்ளிகளைச் சேர்ப்பதே இவருக்குப் பிடித்த வழி. வலிமையான அடி, அந்த ஒழுங்கு குலையும்போது அதனை மீட்கும் கருவியாகவே பயன்பட்டது. 1949 இல் வெளிவந்த இவரது ஸ்னூக்கர் பயிற்சி நூல், பிற்கால ஆட்டக்காரர் பலருக்குப் பாடநூலாக அமைந்தது.

வெற்றிகள்

1935 இல் உலகப் போட்டியின் முதல் நூறு புள்ளித் தொடரை (110) டேவிஸ் எடுத்தார். 1936 இறுதி ஆட்டத்தில் ஹொரேஸ் லிண்ட்ரமிடம் 24-27 எனப் பின்தங்கியிருந்து, கடைசிப் பத்து ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றார். 1940 இல் இறுதியில் எதிர்நின்றவர் இவருடைய தம்பி பிரெட் டேவிஸ். 37-36 என்ற மிகக் குறைந்த வேறுபாட்டில் அண்ணன் வென்றார். போருக்குப் பின் 1946 இல் மீண்டும் ஹொரேஸ் லிண்ட்ரமை 78-67 என வென்று, அத்துடன் உலகப் போட்டியிலிருந்து விலகினார். பிற போட்டிகளில் தொடர்ந்து ஆடினார். சமநிலையில் ஆடி இவரை வென்ற ஒரே ஆட்டக்காரர் பிரெட் மட்டுமே.

இந்த விலகல் ஆட்டத்திற்கு நன்மை செய்யவில்லை. டேவிஸ் இல்லாத போட்டியில் வென்றவரை உண்மையான வாகையாளராகக் கருத மக்கள் தயங்கினர். 1957 க்குப் பின் உலகப் போட்டி 1964 வரை நடைபெறவே இல்லை. ஸ்னூக்கரை உயர்த்திய அதே புகழ் அதற்குச் சுமையாகவும் ஆனது.

ஜனவரி 22, 1955 அன்று இலண்டன் லெஸ்டர் சதுக்க மண்டபத்தில், வில்லி ஸ்மித்துக்கு எதிரான ஆட்டத்தில் டேவிஸ் 147 புள்ளிகள் கொண்ட முழுத் தொடரை எடுத்தார். 15 சிவப்புப் பந்துகளையும், ஒவ்வொன்றின் பின்னும் கறுப்பையும், இறுதியில் ஆறு வண்ணப் பந்துகளையும் வீழ்த்தினால் பெறக்கூடிய எண்ணிக்கை இது. அவ்வாட்டம் தன் விதிகளின்படி ஆடப்படவில்லை என்று கூறி ஆட்டக் கட்டுப்பாட்டு அமைப்பு இச்சாதனையை முதலில் ஏற்க மறுத்தது. 1957 இல்தான் ஏற்றுக்கொண்டது.

இறுதிக் காலம்

1959 இல் செம்மஞ்சள், ஊதா ஆகிய இரு பந்துகளைக் கூடுதலாகச் சேர்த்து ஸ்னூக்கர் பிளஸ் என்ற புதிய வடிவத்தை டேவிஸ் அறிமுகப்படுத்தினார், அது எடுபடவில்லை. 1963 இல் பிரித்தானிய அரசு இவருக்கு ஓ.பி.இ. விருது வழங்கியது. 1964 இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

1978 உலகப் போட்டியின் அரையிறுதியில் 64 வயதான பிரெட், தென்னாப்பிரிக்கரான பெர்ரி மான்சுடன் ஆடியதைக் காணச் சென்றிருந்த டேவிஸ் அதையொட்டி நோயுற்றார். அறுவை சிகிச்சைக்குப் பின் சற்றுத் தேறிய போதிலும், ஜூலை 10 அன்று மார்புத் தொற்றினால் காலமானார்.