நடுக்குவாதத்தை எழுதி வைத்த வைத்தியர்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 11ஆம் திகதி உலக பார்கின்சன் தினமாக அனுசரிக்கப்படுகின்றது. அது ஜேம்ஸ் பார்கின்சன் என்ற ஆங்கிலேய வைத்தியர் பிறந்த நாள். கை நடுங்கும் வயோதிபர் ஒருவரைக் கண்டால் அந்த நோயின் பெயரைச் சொல்லிவிடுகின்றோம். பெயருக்குரிய மனிதரை அறிந்தவர்கள் நம்மில் குறைவு. உயர்தரத்தில் உயிரியல் படிப்பதாலும், எங்கள் குடும்பத்திலேயே அந்த நோய் வந்ததாலும் நான் அவரைத் தேடி வாசித்தேன். நடுக்கத்தைப் பற்றி அவர் எழுதியதை விட, வயிற்றைப் பற்றி எழுதிய சில வரிகளே என்னை அதிகம் யோசிக்க வைத்தன.

1755இல் லண்டன் நகரின் ஓரத்திலிருந்த ஹொக்ஸ்டன் சதுக்கத்தின் முதலாம் இலக்க வீட்டில் அவர் பிறந்தார். தந்தை ஜோன் பார்கின்சன் அந்தப் பகுதி மக்களுக்கு மருந்து கலந்து கொடுத்தும் சத்திரசிகிச்சை செய்தும் வந்தவர். மகனும் அவரிடமே தொழில் பழகினார். 1776இல் லண்டன் வைத்தியசாலையில் ஆறு மாதங்கள் பயிற்சி பெற்றார். 1784இல் சத்திரசிகிச்சையாளராக அங்கீகாரம் கிடைத்தது. அதே ஆண்டில் தந்தை இறந்துவிட, ஹொக்ஸ்டன் மக்களின் நோய்நொடிகளெல்லாம் அவர் பொறுப்பாயின.

தொழில் கிடைத்த பிறகும் அவர் படிப்பை விடவில்லை. 1785இல் ஜோன் ஹண்டர் என்ற புகழ்பெற்ற சத்திரசிகிச்சையாளரின் விரிவுரைகளுக்குச் சென்று, கேட்டதையெல்லாம் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டார்.  

அவர் வைத்தியத்தோடு மட்டும் நின்றவரல்லர். ஏழைகளுக்கு வாக்குரிமை வேண்டும் என்று கேட்ட சங்கத்தில் சேர்ந்து, புனைபெயரில் துண்டுப்பிரசுரங்கள் எழுதினார். 1794இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரை நச்சு அம்பெய்து கொல்லச் சதி நடந்ததாகக் கூறப்பட்ட வழக்கில் அவரை அழைத்து விசாரித்தார்கள். 1815இல் நமது கண்டி இராச்சியம் எந்த மன்னரின் முடிக்குக் கீழ் போனதோ, அதே மன்னர்தான் இவர். விசாரணையில் பார்கின்சன் தம் நண்பர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. பின்னர் அவரது ஆர்வம் சுவடுகளாக மாறிய பழங்கால உயிர்களின் பக்கம் திரும்பியது. 1804 முதல் 1811 வரை அவற்றைப் பற்றி மூன்று பாகங்களில் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். 1807இல் லண்டன் புவியியல் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர்.

1812இல் அவரும், வைத்தியரான அவரது மகனும் சேர்ந்து கவனித்த ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பு வெளியானது. ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் வயிற்று நோயால் இறந்திருந்தான். அவனது குடல்வால் துளைபட்டதே மரணத்துக்குக் காரணம் என்பதை அது எடுத்துக்காட்டியது. ஆங்கில மொழியில் இதை அடையாளங்கண்டு எழுதிய முதற் குறிப்பு அதுவே என்பர். வயிற்று வலி என்று சாதாரணமாகச் சொல்லப்படுவதற்குள் உயிர்போகும் காரணமும் இருக்கலாம் என்பதை அந்த வீடு நன்கு அறிந்திருந்தது.

1817இல், தமது 62ஆவது வயதில், நடுக்குவாதம் பற்றிய கட்டுரையை அவர் வெளியிட்டார். 66 பக்கங்களே கொண்ட சிறிய நூல். அதில் வருபவர்கள் ஆறு பேர். அவர்களில் சிலரை அவர் தெருவில் கண்டார். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஓய்வாக இருக்கும்போது நடுங்கும் கை, முன்னோக்கி வளையும் உடம்பு, நடக்கத் தொடங்கினால் ஓட்டமாக மாறிவிடும் கால்கள் என்று தனித்தனியாகத் தெரிந்தவற்றை ஒரே நோயின் அடையாளங்களாகச் சேர்த்துக் காட்டினார்.

அந்தக் கட்டுரையில்தான் வயிறும் வருகின்றது. இந்த நோயாளிகளின் குடல் ஆரம்பத்திலிருந்தே மந்தமாக இருந்ததையும், நோய் முற்றும்போது கடுமையான பேதி மருந்துகள் தேவைப்பட்டதையும் அவர் எழுதினார். இரைப்பையிலும் குடலிலும் ஏற்படும் கோளாறு நரம்புத்தண்டின் மேற்பகுதியைப் பாதிக்கக்கூடும் என்றும், அந்தத் தொடர்பின் வழி தமக்குப் புலப்படாவிட்டாலும் அபர்நெதி என்ற சத்திரசிகிச்சையாளரின் போதனையின்படி அது நடக்கக்கூடியதே என்றும் ஊகித்தார். இறந்தவர்களின் உடலைப் பரிசோதிக்கும் வாய்ப்புத் தமக்குக் கிடைக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லி, பின்வருபவர்கள் அதைச் செய்ய வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார்.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் மூத்தாப்பாவின் ஞாபகம் வந்தது. அவர் உம்மாவின் வாப்பா. ஆயுள் முழுவதும் வட்டைக்குப் போய் வேளாண்மை செய்தவர். கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல வருடங்களுக்கு முன்பிருந்தே அவருக்கு மலச்சிக்கல் இருந்தது. நிலாவரைப் பொடியோடு காலம் போனது. வயது போனால் அப்படித்தான் என்று வந்தவர்களும் சொன்னார்கள். பிறகு கருவாட்டுக் கறியின் மணம் தெரியவில்லை என்றார். நித்திரையில் கத்துவார், காலால் உதைப்பார். வயல் கணக்குக் கொப்பியில் அவரது எழுத்து வர வரச் சிறுத்தது. தஸ்பீஹ் பிடித்த கை நடுங்கிய பிறகுதான் நரம்பியல் நிபுணரிடம் கூட்டிப் போனோம். அவர் கையைப் பார்த்த கையோடு, மலம் ஒழுங்காகப் போகின்றதா என்றும் கேட்டார். பேத்திமார் முன்னால் பதில் சொல்ல மூத்தாப்பா வெட்கப்பட்டார். நானும் ராத்தாவும் வெளியே போய் நின்றோம்.

நிபுணர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதற்கு 1817க்குப் பிந்திய ஆராய்ச்சிகள் விடை தருகின்றன. பிரான்சின் சார்கோ என்ற நரம்பியலறிஞரே இந்த நோய்க்குப் பார்கின்சனின் பெயரை நிலைக்கச் செய்தார். 1912இல் லூவி என்ற ஜெர்மன் அறிஞர், நோயாளிகளின் மூளை நரம்புக் கலங்களுக்குள் உருண்டையான படிவுகளைக் கண்டார். மூளையின் நடுப்பகுதியில் கருமையாகத் தெரியும் ஒரு சிறு இடத்திலுள்ள கலங்கள் அழிவதும், அதனால் டோபமின் என்ற பதார்த்தம் குறைவதும் பின்னர் தெரியவந்தன. 1980களில் அதே வகைப் படிவுகள் குடற்சுவரின் நரம்புகளிலும் காணப்பட்டன. நமது குடலுக்குக் கோடிக்கணக்கான நரம்புக் கலங்கள் கொண்ட தனி வலையமைப்பு உண்டு. அது பாதிக்கப்பட்டால் குடலின் அசைவு தாமதமாகும். 2003இல் ஹைக்கோ பிராக் என்ற ஜெர்மன் அறிஞரும் அவரது குழுவினரும், சிலரில் நோய் குடலில் தொடங்கி, வேகஸ் என்ற நீண்ட நரம்பின் வழியே மூளைக்கு ஏறலாம் என்ற கருத்தை முன்வைத்தார்கள். எல்லா நோயாளிகளுக்கும் அது பொருந்துவதில்லை. ஆயினும் நடுக்கத்துக்குப் பல வருடங்கள் முன்பே மலச்சிக்கல் தோன்றலாம் என்பதை இன்று வைத்தியர்கள் ஏற்றுக்கொள்கின்றார்கள்.

நமக்கு அருகிலும் இந்த வரலாற்றில் ஒரு பக்கம் உண்டு. நம் பற்றைக் காடுகளில் படர்ந்து, தொட்டவரைச் சொறிய வைக்கும் பூனைக்காலியின் விதையிலிருந்து, எல்-டோபா என்ற பதார்த்தத்தை 1937இல் மதராஸ் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் தாமோதரன், ராமசுவாமி ஆகிய இருவரும் பிரித்தெடுத்தனர். 1960களில் அதே பதார்த்தம் இந்த நோயின் முக்கிய மருந்தாயிற்று. மூத்தாப்பா விழுங்கும் குளிசையிலும் அதுதான் இருக்கின்றது. வீட்டில் விதையை இடித்துக் குடிப்பது ஆபத்து. அதன் அளவை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். இந்தக் குளிசையும் குடல் வழியாகவே இரத்தத்தில் சேருவதால், மலச்சிக்கல் இருந்தால் மருந்தின் பலனும் தாமதமாகும்.

ஜேம்ஸ் பார்கின்சன் 1824 டிசம்பர் 21இல் பாரிசவாதத்தால் காலமானார். இறுதி நாட்களில் அவரால் பேச முடியவில்லை. அவரது உருவப்படம் எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை. தம் பெயர் ஒரு நோயின் பெயராகும் என்பதை அறியாமலே அவர் போய்விட்டார்.

இதை வாசிக்கும் சகோதரிகள் பயப்பட வேண்டியதில்லை. மலச்சிக்கல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்த நோய் வருவதில்லை. தண்ணீர் குறைவாகக் குடிப்பதும், மரக்கறி குறைவாக உண்பதும், உடம்பை அசைக்காமல் இருப்பதுமே வழமையான காரணங்கள். ஆனால் வீட்டிலுள்ள மூத்தவர்களின் மலச்சிக்கலோடு மணம் தெரியாமை, நித்திரையில் உதைத்தல், எழுத்துச் சிறுத்தல், நடை தாமதித்தல் ஆகியவையும் சேர்ந்து வந்தால், அவை அனைத்தையும் ஒரே வைத்தியரிடம் ஒன்றாகச் சொல்லுங்கள். வெட்கத்தால் அவர்கள் உங்களிடம் சொல்லத் தயங்கலாம். ஒரு நாள் வாப்பாவையோ காக்காவையோ கொண்டு தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். தெருவில் நடந்து போனவர்களையே கவனித்துப் பார்த்து நோயைக் கண்டறிந்தார் அந்த ஹொக்ஸ்டன் வைத்தியர். நமது மூத்தவர்கள் நம் வீட்டிலேயே, நம் கண் முன்னே இருக்கின்றார்கள்.