எதிர்வரிசையிலிருந்து ஆளும் வரிசைக்கு: அறிஞர் அண்ணாவின் வாழ்வு

ஆள்வோர் மீது குறை காணும் ஒவ்வொரு காலத்திலும் மக்கள் உள்ளத்தில் எழும் கேள்வி ஒன்றுண்டு. இன்று எதிரே அமர்ந்து இடித்துரைப்போர், நாளை ஆட்சியில் அமர்ந்தால் இவர்களினும் நன்றாக ஆள்வார்களா என்பதே அக்கேள்வி. இதற்குப் பொதுப்படையாக விடை கூறப் புகுந்தால் அவரவர் விருப்பு வெறுப்பே விடையாகிவிடும். ஒரு வாழ்க்கையை எடுத்துக்கொண்டு ஆராய்வதே முறை. தமிழ்நாட்டில் அதற்கு அறிஞர் அண்ணாவின் வாழ்வினும் ஏற்றது வேறில்லை. முப்பதாண்டுகளுக்கு மேல் எதிர்ப்பிலும், 700 நாள் ஆட்சியிலும் இருந்து மறைந்தவர் அவர். எழுத்தையும் பேச்சையுமே படைக்கலமாகக் கொண்டு கோட்டையை அடைந்தவர் என்பதால், கவிஞர் கூடிய நம் மன்றத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அவ்வாழ்வை எண்ணிப் பார்த்தல் பொருத்தமுடையது.

காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பம் ஒன்றில், நடராசன், பங்காரு அம்மாள் இணையருக்கு, 1909ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் அண்ணாதுரை பிறந்தார். சிற்றன்னை இராசாமணி அம்மையாரே அவரை வளர்த்து ஆளாக்கினார். பச்சையப்பன் கல்லூரியில் பயின்று பொருளியலும் அரசியலும் கற்றுத் தேர்ந்தார். அரசுப் பணிக்கும் வழக்குரைஞர் தொழிலுக்கும் படித்த இளைஞர் விரைந்த காலம் அது. அண்ணாவோ 1934இல் திருப்பூரில் தந்தை பெரியாரைச் சந்தித்தது முதல் பொதுவாழ்வின் பக்கம் திரும்பினார். அவர் சேர்ந்த நீதிக்கட்சி, 1920 தொடங்கிப் பதினேழு ஆண்டுகளின் பெரும்பகுதியைச் சென்னை மாகாண ஆட்சியில் கழித்துவிட்டு, 1937 தேர்தலில் காங்கிரசிடம் படுதோல்வி கண்டது. ஆண்ட கட்சி ஒன்று மக்களை மறந்தால் என்னவாகும் என்ற பாடத்தை, இயக்க வாழ்வின் தொடக்கத்திலேயே அவர் அருகிருந்து கற்றார்.

1938இல் இராசாசி தலைமையிலான ஆட்சி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது எழுந்த கிளர்ச்சியில் அண்ணா நான்கு மாதம் சிறை சென்றார். 1942இல் காஞ்சியில் ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கினார். கட்டுரை, சிறுகதை, புதினம், நாடகம் எனப் பல வடிவங்களிலும் அவர் எழுதிக் குவித்தவற்றுள் கண்டனக் குரலே மேலோங்கி நின்றது. அவ்வெதிர்ப்பு அயலாரை மட்டும் நோக்கியதன்று. 1944 சேலம் மாநாட்டில், வெள்ளையர் அளித்த பட்டங்களையும் பதவிகளையும் துறக்க வேண்டுமெனத் தம் கட்சியின் செல்வர்களை நோக்கியே அவர் பெயரால் தீர்மானம் வந்தது. நீதிக்கட்சி திராவிடர் கழகமாயிற்று. 1947இல் விடுதலை நாளைத் துக்க நாளாகக் கொள்ளப் பெரியார் பணித்தபோது, அதற்கு மாறான கருத்தை அண்ணா வெளிப்படையாக எழுதினார். தலைவரையே மறுக்கத் துணிந்தவர் தலைவருக்குரிய மதிப்பை விட்டாரல்லர். 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில் சென்னை இராபின்சன் பூங்காவில் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியபோது தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென வெறுமையாக விட்டுப் பொதுச்செயலாளராகவே பொறுப்பேற்றார்.

கட்சி தொடங்கிய பின்னும் 1952 தேர்தலில் கழகம் போட்டியிடவில்லை. 1953இல் மும்முனைப் போராட்டம் நடந்தது. குலத்தொழிலைச் சார்ந்த கல்வித் திட்டத்தை இராசாசி கொண்டுவந்ததும் டால்மியாபுரத்தைக் கல்லக்குடி எனப் பெயர் மாற்றக் கோரியதும் அதன் முனைகளுள் இரண்டு. தேர்தலில் நிற்பதா என்பதை 1956இல் திருச்சி மாநாட்டில் வாக்கெடுத்தே முடிவு செய்தனர். 1957இல் 15 பேர் சட்டமன்றம் புகுந்தனர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணா அவர்களுக்குத் தலைமை தாங்கினார். தெருமுனையில் பேசிப் பழகியவர்கள் வரவு செலவுத் திட்டத்தைப் புரட்டிப் பேசக் கற்றுக்கொண்ட ஐந்தாண்டுகள் அவை. பதினைந்து பேரின் குரலால் ஒரு சட்டத்தையும் தடுக்க இயலாது. ஆயினும் ஆளுங்கட்சி விடை சொல்லியாக வேண்டிய நிலையை அக்குரல் உண்டாக்கியது.

1962 தேர்தலில் கழகம் 50 இடங்களாக வளர்ந்தது. ஆனால் அதனை வளர்த்தவர் காஞ்சியில் தோற்றார். மாநிலங்களவை உறுப்பினராகத் தில்லி சென்று, தம் முதலுரையிலேயே திராவிட நாட்டுக்குத் தன்னாட்சி உரிமை கேட்டார். அவ்வாண்டின் விலைவாசி உயர்வு எதிர்ப்புப் போராட்டத்தில் வேலூர்ச் சிறைக்கும் சென்றார். அவ்வேளையில் சீனப் படையெடுப்பு நிகழ்ந்தது. விடுதலையானதும் பிரிவினைப் பேச்சை நிறுத்தி, நாட்டின் காப்புக்குக் கழகம் துணை நிற்கும் என அறிவித்தார். 1963இல் வந்த அரசமைப்புச் சட்டத்தின் 16ஆம் திருத்தம், தேர்தலில் நிற்போர் நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் உறுதிமொழி கூறவேண்டும் என்றது. கழகம் நாட்டுப் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. கொள்கையைத் துறந்தார் எனப் பழித்தோர் உண்டு. காலமறிந்தார் எனப் புகழ்ந்தோரும் உண்டு. எதிர்ப்பாளனாய் மட்டும் இருக்க விரும்பியவர்க்கு அக்கோரிக்கையை விடவேண்டிய தேவை இல்லை. ஆட்சிப் பொறுப்பை நோக்கி அவர் மனம் நடக்கத் தொடங்கிவிட்டதை அம்முடிவு காட்டுகிறது.

1965 சனவரி 26 முதல் இந்தி நடுவணரசின் ஆட்சிமொழி ஆகும் என்றிருந்த நிலையில், அந்நாளைத் துக்க நாளாக அறிவித்தார் அண்ணா. அவரும் தோழர்களும் முன்னதாகவே கைது செய்யப்பட்டனர். மாணவர் கிளர்ச்சி தமிழகமெங்கும் தீயெனப் பரவியது. அரசுக் கணக்கின்படியே ஏறத்தாழ 70 உயிர்கள் மாய்ந்தன. அதனுடன் அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்து பக்தவத்சலம் ஆட்சிமீது மக்களுக்கு வெறுப்பை உண்டாக்கியது. 1967 தேர்தலில் சுதந்திராக் கட்சி, மார்க்சிய கம்யூனிஸ்டுகள், முஸ்லிம் லீக் முதலிய கட்சிகளை ஓரணியில் சேர்த்தார் அண்ணா. 1938இல் தம்மைச் சிறைக்கு அனுப்பிய இராசாசியே இப்போது தோழர். கழகம் தனித்தே பெரும்பான்மை பெற்றது. விருதுநகரில் காமராசரே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார்.

இங்கே ஒரு செய்தி கருதத்தக்கது. முதலமைச்சராகப் போகிறவர் அத்தேர்தலில் சட்டமன்றத்துக்கு நிற்கவே இல்லை. தென்சென்னையிலிருந்து மக்களவைக்கே நின்று வென்றிருந்தார். ஆட்சி இவ்வளவு விரைவில் கைக்கு வரும் என அவரே எதிர்பார்க்கவில்லை போலும். பின்னர் மேலவை உறுப்பினராகி அப்பதவியை உறுதி செய்துகொண்டார். 1967 மார்ச் 6ஆம் நாள் பொறுப்பேற்குமுன் திருச்சிக்குச் சென்று, தேர்தலில் காங்கிரசுக்காக வாக்குக் கேட்ட பெரியாரைக் கண்டு வணங்கினார். பதினெட்டு ஆண்டுப் பிரிவு அன்று முடிந்தது.

ஆட்சியில் அவர் செய்தவற்றுள் விரைந்து முடிந்தவை எவை? 1956இல் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததும் கிட்டாத தமிழ்நாடு என்னும் பெயருக்கு, 1967 சூலை 18ஆம் நாள் சட்டமன்றம் ஒருமனதாக இசைவளித்தது. 1969 சனவரி 14 முதல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. புரோகிதரும் சடங்குமின்றி நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லா என நீதிமன்றம் கூறியிருந்த நிலையை மாற்றி, முன்பு நடந்தவற்றுக்கும் சேர்த்துச் சட்ட ஏற்பு வழங்கினார். 1968 சனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டைச் சென்னையில் நடத்திக் கடற்கரையில் புலவர் பெருமக்களுக்குச் சிலைகள் நிறுவினார். இவை அனைத்தும் எதிர்ப்புக் காலத்தில் அவர் எழுதியும் பேசியும் வந்தவை. மனமும் பெரும்பான்மையும் இருந்தால் முடிபவை. கருவூலத்தைப் பெரிதும் கேளாதவை.

கருவூலத்தைக் கேட்டது அரிசி. ரூபாய்க்கு மூன்று படி என்பது குறிக்கோள், ஒரு படி என்பது உறுதி எனத் தேர்தல் மேடைகளில் சொல்லப்பட்டிருந்தது. 1967இல் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் தொடங்கியது. மற்ற மாவட்டங்களுக்கு அதனை விரிக்க நிதிநிலை இடந்தரவில்லை; மூன்று படி வரவே இல்லை. காங்கிரசு உறுப்பினர் அதனை விடாது கேட்டனர். கேட்பது அவர் உரிமை. பத்தாண்டு அதே வேலையைச் செய்தவர் அண்ணா. எதிர்வரிசையில் இருப்பவர்க்கு விலைப்பட்டியல் போதும். ஆள்பவர்க்கோ கொள்முதல், கிடங்கு, மானியம் என்னும் மூன்றும் வேண்டும். வருவாய் தேடி அவர் ஆட்சி 1968இல் பரிசுச் சீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அரசே சூதாட்டம் நடத்தலாமா என்று அன்று எழுந்த கண்டனத்தில் நியாயம் இருந்தது. ஆயினும் பணம் கொழிக்கும் கள், சாராயத்தின் பக்கம் அவர் திரும்பவில்லை; மதுவிலக்கைத் தம் இறுதிநாள் வரை காத்தார்.

மொழிச் சிக்கல் அவர் எதிரே புதிய வடிவில் வந்து நின்றது. 1967 டிசம்பரில் நாடாளுமன்றம் ஆட்சிமொழித் திருத்தச் சட்டத்தையும் மும்மொழித் திட்டம் சார்ந்த தீர்மானத்தையும் நிறைவேற்றவே, மாணவர் மீண்டும் தெருவுக்கு வந்தனர். 1965இல் எந்த இளைஞர் எழுச்சி கழகத்துக்குத் துணையானதோ, அதுவே இப்போது கழக ஆட்சியின் வாயிலைத் தட்டியது. அடக்குமுறையை மட்டும் நம்பியிருந்தால் முந்தைய ஆட்சிக்கும் இதற்கும் வேற்றுமை இராது. 1968 சனவரி 23ஆம் நாள் சட்டமன்றத்தில், தமிழும் ஆங்கிலமும் ஆகிய இருமொழியே பள்ளிகளில் என்னும் தீர்மானத்தை அண்ணா நிறைவேற்றினார். கிளர்ச்சி ஓய்ந்தது. அறுபதாண்டை நெருங்கும் இந்நாளிலும் அத்தீர்மானமே தமிழ்நாட்டின் கொள்கையாக நிற்கிறது. தெருவில் நின்ற அனுபவம் ஆட்சிக்கு நேரடியாகப் பயன்பட்ட இடம் இது.

பயன்படாத இடமும் உண்டு. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய கிழக்குத் தஞ்சைக் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட ஒடுக்கப்பட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் முதியோருமே அவர்களுள் மிகுதி. அவர்கள் சார்ந்திருந்த செங்கொடிக் கட்சியோ 1967இல் கழகத்தின் தோழமைக் கட்சி. நிலவுடைமையாளர் திரண்டு நின்றது அப்பகுதியில் யாரும் அறியாததன்று. ஆயினும் அந்த இரவை அரசு தடுக்கவில்லை. நோயுற்றிருந்த முதலமைச்சர் அமைச்சர்களை அனுப்பினார். கூலிச் சிக்கலை ஆராய ஆணையம் அமைந்தது. குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளரைப் பின்னாளில் உயர்நீதிமன்றம் விடுவித்தது. ஏழையின் கண்ணீரை எழுதிய கை ஆட்சியில் இருந்தும், வயல்வெளியில் நிலம் வைத்திருந்தவர் அதிகாரம் அசையவில்லை. ஆட்சி மாறுவது வேறு, அதிகாரம் மாறுவது வேறு என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா. அண்ணாவைப் போற்றுவோர் இந்த ஊரின் பெயரைக் கடந்து செல்லலாகாது.

1968 செப்டம்பரில் நியூயார்க் மருத்துவமனையில் புற்றுநோய்க்கு அறுவை மருத்துவம் செய்துகொண்டு அண்ணா திரும்பியிருந்தார். ஓய்வெடுக்க வேண்டிய உடலோடு அலுவல்களைப் பார்த்தார். 1969 பிப்ரவரி 3ஆம் நாள் ஐம்பத்தொன்பது அகவையில் மறைந்தார். இறுதி ஊர்வலத்தில் திரண்ட மக்கள் வெள்ளம் உலகையே வியக்க வைத்தது. பெருஞ்செல்வம் எதனையும் அவர் சேர்த்து வைத்துச் செல்லவில்லை.

இனித் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். எதிர்த்தவர் ஆண்டால் நல்லாட்சி கிட்டுமா? அண்ணாவின் வாழ்வு தரும் விடை ஒரு சொல்லில் அடங்குவதன்று. பெயர், மொழி, திருமணம் என மக்களின் தன்மதிப்பைத் தொட்டவற்றில், நெடுங்காலம் எதிர்த்தவர் என்பதாலேயே அவரால் தயக்கமின்றிச் செயல்பட முடிந்தது. பணமும் நிலமும் தொடர்பானவற்றில், எதிர்த்துப் பேசிய திறம் மட்டும் போதவில்லை. முந்தைய ஆட்சி முட்டிய சுவரிலேயே அவரும் முட்டினார். இன்னும் பத்தாண்டு இருந்திருந்தால் அச்சுவரைத் தகர்த்திருப்பார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. நம்பிக்கையை வரலாறாக எழுத முடியாது. 700 நாளில் நடந்ததையே நாம் எடைபோட இயலும்.

ஆயினும் ஒன்று உறுதியாகச் சொல்லலாம். கடிந்துரைக்கும் துணையில்லாத அரசன், கெடுப்பார் இல்லாமலே கெடுவான் என்று வள்ளுவர் வகுத்தார். அதனைக் கடிந்துரைப்பவராகவும் கடிந்துரைக்கப்பட்டவராகவும் இருமுறை வாழ்ந்து பார்த்தவர் அண்ணா. வெற்றி பெற்ற நாளில் மாறுபட்டவரைத் தேடிச் சென்றதும், தெருவுக்கு வந்த மாணவர்க்குச் சட்டமன்றத்தில் விடை தந்ததும் அப்பயிற்சியின் பயன்கள். எனவே எதிர்வரிசைத் தலைவர் ஒருவரை எடைபோட விரும்புவோர் அவர் குரலின் உரத்தை மட்டும் பாராமல், அவர் தரும் வாக்குறுதிக்குக் கணக்கு இருக்கிறதா, தம் கட்சியைத் தாமே மறுக்கும் துணிவு உண்டா, தோற்றவரை மதிக்கத் தெரியுமா என்று பார்க்க வேண்டும். எதிர்ப்பையே பாடிப் பழகிய நம் கவிஞர்க்கும் இதில் கடமை உண்டு. நாம் பாடிய தலைவர் அரியணை ஏறிய மறுநாளும் நம் பாட்டு நிற்கலாகாது. கீழ்வெண்மணிகள் தெரியும் இடத்தில் நின்றே அது தொடர வேண்டும்.