புளூட்டோவைக் கண்டுபிடித்த கிளைட் டாம்பா

நம் குடியிருப்பில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டால் சூரியனுக்கு ஒன்பது கோள்கள் என்பார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைக் கேட்டால் எட்டு என்பார்கள். இரண்டு பேரும் அவரவர் பாடப் புத்தகத்தில் இருந்ததைத்தான் சொல்கிறார்கள். இடையில் கழிந்துபோன அந்த ஒன்றுதான் புளூட்டோ. அதைக் கண்டுபிடித்தவர் பெயர் பலருக்கும் நினைவில் இருப்பதில்லை. கல்லூரி வாசலைக்கூட மிதிக்காத 24 வயதுப் பண்ணை வீட்டுப் பையன் அவர். பெயர் கிளைட் டாம்பா.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஸ்ட்ரீட்டர் என்ற ஊருக்கருகே 1906 பிப்ரவரி 4 அன்று பிறந்தார். ஆறு பிள்ளைகளில் மூத்தவர். சித்தப்பா ஒருவரிடம் சிறிய தொலைநோக்கி இருந்தது. அதில் நிலாவைப் பார்த்த நாளிலிருந்து பையனுக்கு வானத்தின் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. 1922இல் குடும்பம் கான்சாஸ் மாநிலத்தில் பர்டெட் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்து, அங்கும் விவசாயமே செய்தது. அங்கே ஒரு ஆலங்கட்டி மழை பயிரையெல்லாம் நாசமாக்க, கிளைடின் கல்லூரிக் கனவும் அதோடு போயிற்று. மூத்த பிள்ளை. வயலில் இறங்கி வேலை செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

பகலில் வயல் வேலை, இரவில் வானம். கடையில் வாங்கிய தொலைநோக்கி போதவில்லை, பெரிதாக வாங்கவும் காசில்லை. ஆகவே தானே செய்ய ஆரம்பித்தார். கண்ணாடி வட்டைக் கையாலேயே தேய்த்துத் தேய்த்துக் குழிவான ஆடியாக்க வேண்டும். சரியாக வந்திருக்கிறதா என்று சோதிப்பதற்குக் காற்று அசையாத, வெப்பம் மாறாத இடம் தேவை. அதற்காக 24 அடி நீளம், 7 அடி அகலம், 8 அடி ஆழத்தில் தானே ஒரு குழி தோண்டினார். அந்தக் குழி வீட்டாருக்குக் காய்கறி வைக்கும் கிடங்காகவும், சூறாவளி வந்தால் ஒதுங்கும் இடமாகவும் பயன்பட்டதாம். 1928இல் ஒன்பது அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கி ஒன்றை முடித்தார். அதைத் தாங்கும் அமைப்புக்கு 1910ஆம் வருடத்து ப்யூக் காரிலிருந்தும், பாலிலிருந்து க்ரீம் பிரிக்கும் பழைய இயந்திரத்திலிருந்தும் கழற்றிய பாகங்கள்.

அந்தத் தொலைநோக்கியில் பார்த்த செவ்வாயையும் வியாழனையும் படமாக வரைந்து, அரிசோனா மாநிலத்தில் ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் இருந்த லோவெல் வானாய்வு நிலையத்துக்கு அனுப்பினார். தவறு இருந்தால் சொல்லுங்கள் என்ற அளவில்தான் அனுப்பினார். வேலை வந்தது. 1929 ஜனவரியில் ரயிலேறிப் போய்ச் சேர்ந்தார்.

அந்த நிலையத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பாஸ்டன் நகரத்துப் பெரும் செல்வந்தரான பெர்சிவல் லோவெல் 1894இல் சொந்தப் பணத்தில் அமைத்தது. நெப்டியூனுக்கு அப்பால் இன்னொரு பெரிய கோள் இருக்கிறது, அதன் ஈர்ப்புதான் யுரேனஸின் பாதையைச் சற்றே மாற்றுகிறது என்று அவர் உறுதியாக நம்பினார். அது பூமியைப் போல ஏழு மடங்கு எடை இருக்கும் என்றும், வானத்தில் எங்கே இருக்கும் என்றும் பல வருடம் கணக்குப் போட்டார். அவர் அந்தத் தேடலைத் தொடங்கிய 1906இல்தான் டாம்பா பிறந்தார். கிடைக்காமலேயே 1916இல் லோவெல் இறந்துபோனார். சொத்து யாருக்கு, நிலையத்துக்கு எவ்வளவு என்று அவர் மனைவி வழக்குப் போட, சுமார் பத்து வருடம் தேடல் முடங்கியது. வேடிக்கை என்னவென்றால், 1915இல் அவர்கள் எடுத்த இரண்டு படங்களிலேயே புளூட்டோ மங்கலாகப் பதிவாகியிருந்தது. யார் கண்ணிலும் படவில்லை.

பிறகு லோவெலின் தம்பி கொடுத்த பணத்தில் 13 அங்குல லென்ஸ் கொண்ட புதிய தொலைநோக்கி வந்தது. அதில் இரவெல்லாம் உட்கார்ந்து படம் பிடிக்க, சம்பளம் அதிகம் கேட்காத, சலிக்காத ஆள் தேவைப்பட்டது. டாம்பாவை எடுத்ததற்குக் காரணம் இதுதான். பனியை அள்ளிப் போடுவது, அடுப்புக்குக் கட்டை போடுவது, வரும் பார்வையாளர்களுக்குச் சுற்றிக்காட்டுவது எல்லாமும் அவர் பொறுப்பிலேயே இருந்தன.

வேலை இப்படி. நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் அப்படியே இருக்கும். கோள் மட்டும் நகரும். ஆகவே வானத்தின் ஒரே பகுதியைச் சில நாள் இடைவெளியில் இரண்டு முறை படம் பிடித்து, எந்தப் புள்ளி நகர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு கண்ணாடித் தகட்டில் லட்சக்கணக்கான நட்சத்திரங்கள். ஒவ்வொரு தகடும் பதிய ஒரு மணி நேரம். வெப்பமூட்டாத கூடத்தில், கொட்டும் குளிரில், தொலைநோக்கி நட்சத்திரத்தை விட்டு விலகாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பகலில் அந்த இரண்டு தகடுகளையும் பிளிங்க் கம்பரேட்டர் என்ற கருவியில் பொருத்தினால், கண்ணில் முதல் தகடும் இரண்டாவது தகடும் மாறி மாறித் தெரியும். அசையாதவை அசையாமல் நிற்கும். நகர்ந்தது மட்டும் இங்குமங்கும் குதிக்கும்.

கணினி வருவதற்கு முன் வங்கியில் லெட்ஜர் பார்த்தவர்களுக்கு இது என்ன மாதிரி வேலை என்று உடனே புரியும். அரையாண்டு பாலன்சிங் சமயத்தில் லெட்ஜரையும் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரி வரியாக டிக் அடித்துக்கொண்டே போவோம். ஆயிரம் வரி சரியாக இருக்கும், ஒரு வரி இருக்காது. அந்த ஒரு வரி வரும்போது கவனம் சிதறினால் அன்றைய உழைப்பெல்லாம் வீண். எங்களுக்கு ஆயிரம் வரி. டாம்பாவுக்கு ஒரே தகட்டில் மூன்று, நான்கு லட்சம் புள்ளிகள்.

அந்தக் கவனச்சிதறல் உண்மையிலேயே நடந்தது. 1929 ஏப்ரலில் டாம்பா எடுத்த முதல் சில தகடுகளை நிலையத்தின் தலைவர் வெஸ்டோ ஸ்லைஃபரும் அவர் தம்பியும் அவசரமாகப் பார்த்து, ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டார்கள். அவற்றில் புளூட்டோ இருந்தது. அதன் பிறகு ஒப்பிடும் வேலையையும் டாம்பாவிடமே கொடுத்தார்கள். அந்தக் கோடையில் நிலையத்துக்கு வந்த வானியலாளர் ஒருவர், இனியும் கோள் இருந்தால் எப்போதோ கிடைத்திருக்கும், வீண் வேலை செய்கிறாய் என்ற பொருளில் அவரிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

டாம்பா வேலையை நிறுத்தவில்லை, முறையைத் திருத்தினார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஆயிரக்கணக்கான சிறுகோள்கள் உண்டு. அவையும் தகட்டில் குதிக்கும். எது அருகில் உள்ள சிறுகோள், எது தொலைவில் உள்ள கோள் என்று தெரியாமல் குழம்பிப்போவோம். சூரியனுக்கு நேர் எதிரே உள்ள வானப் பகுதியை மட்டும் படம் பிடித்தால், நகரும் தூரத்தை வைத்தே தொலைவைக் கணிக்கலாம். தொலைவில் இருப்பது குறைவாக நகரும். கூடவே, ஒவ்வொரு பகுதிக்கும் சரிபார்க்க மூன்றாவது தகடு ஒன்றும் எடுத்து வைத்தார். என் பார்வையில் அவருடைய உண்மையான சாமர்த்தியம் இதுதான்.

1930 பிப்ரவரி 18, மாலை நான்கு மணி. ஜனவரி 23, 29 ஆகிய தேதிகளில் எடுத்த மிதுன ராசித் தகடுகள் கருவியில் இருந்தன. ஒரு மங்கலான புள்ளி மூன்றரை மில்லிமீட்டர் குதித்தது. நெப்டியூனுக்கும் அப்பால் இருந்தால்தான் அவ்வளவு குறைவாக நகரும். ஜனவரி 21 அன்று காற்றில் ஆடிக் கெட்டுப்போன தகடு ஒன்று இருந்தது. அதை எடுத்துப் பார்த்தார். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. முக்கால் மணி நேரம் மறுபடி மறுபடி சரிபார்த்தார். அந்த முக்கால் மணி நேரமும் உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் அந்த விஷயம் தெரியும். பிறகுதான் தலைவரிடம் போய்ச் சொன்னார். அன்றிரவு மேகமூட்டம், தொலைநோக்கியில் ஒன்றும் பார்க்க முடியாது. ஊருக்குள் போய் கேரி கூப்பர் நடித்த சினிமா ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார்!

சில வாரம் ரகசியமாக வைத்துச் சரிபார்த்து, மார்ச் 13 அன்று அறிவித்தார்கள். அது லோவெலின் பிறந்த நாள். அறிவிப்பிலும் லோவெலின் கணக்குக்கே பெருமை சேர்ந்தது.

பெயர் வைத்தது இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த வெனிஷியா பர்னி என்ற 11 வயதுச் சிறுமி. காலைச் சாப்பாட்டின்போது தாத்தா செய்தித்தாளில் இதைப் படித்துச் சொல்ல, ரோமானியர்களின் பாதாள உலகக் கடவுளான புளூட்டோவின் பெயரை அவள் சொன்னாள். நமக்கு யமன் மாதிரி. சூரிய வெளிச்சம் போய்ச் சேர ஐந்தரை மணி நேரம் ஆகும் இருட்டு உலகத்துக்குப் பொருத்தமான பெயர்தான். தாத்தா தமக்குத் தெரிந்த வானியல் பேராசிரியரிடம் சொல்ல, அவர் அமெரிக்காவுக்குத் தந்தி கொடுத்தார். பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகள் பெர்சிவல் லோவெலின் முதலெழுத்துகளாகவும் அமைந்ததில் நிலையத்தாருக்குத் திருப்தி.

டாம்பா அதன் பிறகுதான் கல்லூரிக்குப் போனார். 1932இல் உதவித்தொகையுடன் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, கோள் கண்டுபிடித்தவனுக்கு ஆரம்ப வானியல் வகுப்பு எதற்கு என்று அங்கிருந்த பேராசிரியர் அந்த வகுப்பில் சேர்த்துக்கொள்ளவில்லையாம். 1934இல் பாட்ரீசியாவை மணந்தார். ஒரு மகள், ஒரு மகன்.

கோள் தேடலையும் அவர் விடவில்லை. 1943 வரை தொடர்ந்தார். மொத்தம் 9 கோடி நட்சத்திரப் புள்ளிகள், கருவியின் முன் ஏறத்தாழ 7,000 மணி நேரம். நூற்றுக்கணக்கான சிறுகோள்கள், நட்சத்திரக் கொத்துகள், ஒரு வால்நட்சத்திரம் எல்லாம் கிடைத்தன. இன்னொரு கோள் மட்டும் கிடைக்கவில்லை. இல்லை என்று உறுதியாகச் சொல்வதற்கும் அவ்வளவு தேட வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையினருக்குத் திசையறியும் கலை கற்பித்தார். போர் முடிந்ததும், நிதி இல்லை என்று நிலையம் அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்துக்கே உலகப் புகழ் தேடித் தந்தவருக்கு இந்தக் கதி. நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் சேர்ந்து, பறக்கும் ராக்கெட்டுகளைத் தொலைநோக்கியால் பின்தொடரும் முறைகளை உருவாக்கினார். 1955இலிருந்து 1973இல் ஓய்வு பெறும் வரை நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்து, அங்கே வானியல் துறையை வளர்த்தெடுத்தார். வயதான பிறகு, பண்ணையில் செய்த அந்த ஒன்பது அங்குலத் தொலைநோக்கியை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் கேட்டது. இன்னும் அதை உபயோகித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிக் கொடுக்க மறுத்துவிட்டார். எண்பது வயதைத் தாண்டியும் ஊர் ஊராகச் சென்று பேசி, இளம் வானியலாளர்களின் உதவித்தொகைக்கு நிதி திரட்டினார்.

இதற்கிடையே புளூட்டோ சுருங்கிக்கொண்டே வந்தது. அதாவது நம் கணக்கில். முதலில் பூமி அளவு இருக்கலாம் என்றார்கள். 1978இல் அதைச் சுற்றும் சாரன் என்ற துணைக்கோள் தெரிந்த பிறகு சரியான எடை கிடைத்தது. பூமியில் நானூறில் ஒரு பங்குகூட இல்லை. அகலம் 2,377 கிலோமீட்டர், நம் நிலாவைவிடச் சிறியது. யுரேனஸை அசைக்கும் பலம் அதற்குக் கிடையவே கிடையாது. 1989இல் வாயேஜர் 2 விண்கலம் நெப்டியூனின் எடையைச் சரியாக அளந்ததும், யுரேனஸின் பாதையில் விளக்க முடியாதது எதுவுமே மிஞ்சவில்லை. லோவெலின் கணக்கு தொடக்கத்திலேயே பிழை. அவர் காட்டிய இடத்துக்கு அருகே புளூட்டோ இருந்தது தற்செயல். ஆக, கிடைத்தது கணக்கால் அல்ல. ஒரு மனிதன் வரி விடாமல் பார்த்ததால்.

1992இல் புளூட்டோவுக்கு அப்பால் இன்னொரு பனிப் பொருள் கிடைத்தது. தொடர்ந்து பல கிடைத்தன. அப்படியானால் புளூட்டோ கோளா, அல்லது அந்தக் கும்பலில் ஒன்றா என்ற பேச்சு டாம்பா உயிரோடு இருக்கும்போதே கிளம்பிவிட்டது. அவர் அதை ஏற்கவில்லை. கோள் என்றே இருக்கட்டும் என்று வானியல் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதமும் எழுதினார். 1997 ஜனவரி 17 அன்று, 91 வயது நிறைய மூன்று வாரம் இருக்கும்போது காலமானார். 2006 ஆகஸ்ட் 24 அன்று பன்னாட்டு வானியல் ஒன்றியம் வாக்கெடுத்து, புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகை மாற்றியது. அடுத்த மாதமே சிறுகோள் பட்டியலில் 134340 என்று எண்ணும் விழுந்தது. கணக்குத் தலைப்பு மாறியிருக்கிறது, பதிவு அழியவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அவர் இருந்திருந்தால் சம்மதித்திருக்க மாட்டார்.

அவர் இறப்பதற்கு ஐந்து வருடம் முன்பு, 1992இல், நாசாவிலிருந்து ஒருவர் அவருக்குத் தொலைபேசியில் பேசினார். உங்கள் கோளுக்கு ஒரு விண்கலம் அனுப்ப ஆசைப்படுகிறோம், அனுமதி வேண்டும் என்று கேட்டார். டாம்பா சந்தோஷமாகச் சம்மதித்தார், நீண்ட குளிர்ப் பயணம் என்று எச்சரித்துவிட்டு. அந்தத் திட்டம் பல முறை கைவிடப்பட்டு, உருமாறி, நியூ ஹொரைசன்ஸ் என்ற பெயரில் 2006 ஜனவரி 19 அன்று கிளம்பியது. ஒன்பதரை ஆண்டு பயணம் செய்து, 2015 ஜூலை 14 அன்று புளூட்டோவிலிருந்து சுமார் 12,500 கிலோமீட்டர் தொலைவில் கடந்துபோனது. நைட்ரஜன் பனிச் சமவெளி, தண்ணீர்ப் பனியால் ஆன மலைகள், இதய வடிவில் ஒரு வெளிறிய நிலப்பரப்பு என்று படங்கள் வந்தன. அந்த நிலப்பரப்புக்கு டாம்பா பெயரையே வைத்திருக்கிறார்கள்.

விண்கலத்தின் உள்ளே ஒரு சின்ன அலுமினியக் குப்பி பொருத்தப்பட்டிருக்கிறது. அதில் டாம்பாவின் அஸ்தி, ஏறத்தாழ ஒரு அவுன்ஸ். புளூட்டோவைத் தாண்டி, 2019 புத்தாண்டு அன்று அர்ரோகாத் என்ற இன்னொரு பனிப் பொருளையும் தாண்டி, அது இன்னும் சூரியனை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது.