உடனிருந்து காத்த ஐடா அம்மையார்

மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகள் உண்டு என்று வகுத்தார் வள்ளுவப் பெருந்தகை. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து பணிவிடை செய்பவரையும் ஓர் உறுப்பாக அவர் எண்ணினார். அந்த நான்காவது உறுப்பின் அருமையை உணர்ந்து, வடஆற்காட்டு மண்ணில் அதற்கு நிலையான இடம் அமைத்துத் தந்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில், அமெரிக்க மருத்துவ ஊழியர் குடும்பத்தில் ஐடா பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் மருத்துவர்கள். ஆயினும் இளமையில் அவருக்கு இந்தியாவில் தங்கிப் பணிபுரியும் எண்ணம் இருக்கவில்லை. அமெரிக்காவில் பயின்ற அவர், நோயுற்ற தாயாருக்குத் துணையாயிருக்கவே 1890இல் திண்டிவனம் வந்தார். ஒரு மகளாகச் செய்ய வந்த பணிவிடையே அவருடைய வாழ்வின் திருப்புமுனைக்கு வழி வகுத்தது.

ஓர் இரவு மூன்று ஆடவர், ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையிலிருந்த தம் மனைவியரைக் காக்குமாறு வேண்டினர். தந்தையார் வரலாம் என்றார் ஐடா. அந்நிய ஆடவர் தம் இல்லத்துப் பெண்களைத் தொடுவதை அம்மூவரும் ஏற்கவில்லை. ஐடாவோ மருத்துவம் பயிலாதவர். மூன்று பெண்களும் உயிர் நீத்தனர். மருந்தும் மருத்துவரும் அண்மையில் இருந்தும், அருகே செல்லத்தக்கவர் இல்லாமையால் நேர்ந்த இழப்பு அது. ஐடாவின் உள்ளம் மாறியது. அமெரிக்கா சென்று, 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

1900இல் வேலூருக்குத் திரும்பிய சில மாதங்களிலேயே தந்தையார் மறைந்தார். இல்லத்தின் ஒரு சிறு அறையே மருத்துவமனையாயிற்று. 1902இல் மகளிர்க்கென 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. பின்னர் வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் வாரந்தோறும் பயணம் செய்து, மர நிழலில் காத்திருந்த கிராம மக்களின் புண்களைக் கழுவிக் கட்டி, மருந்தளித்தார்.

அறுவை ஒரு நாழிகையில் முடிந்துவிடலாம். அதன்பின் காய்ச்சலைக் கவனிப்பதும், கட்டு மாற்றுவதும், உரிய வேளையில் மருந்தும் உணவும் தருவதும், இரவெல்லாம் விழித்திருப்பதும் யார் பொறுப்பு? பிறர் உடற்கழிவைத் தொட்டுத் தூய்மை செய்வது இழிவென்று கருதப்பட்ட காலம் அது. பெண்களை அப்பணிக்கு அனுப்பக் குடும்பங்கள் தயங்கின. இந்நிலையில்தான் 1909இல் வேலூரில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. இழிவென்று ஒதுக்கப்பட்ட தொண்டு, கற்றுத் தேர வேண்டிய கலையாக மதிப்புப் பெற்றது. 1946இல் அது பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது.

1918இல் பெண்களுக்கென ஐடா தொடங்கிய மருத்துவப் பள்ளியே இன்றைய கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1947 முதல் ஆண்களும் அதில் சேர்ந்தனர். அந்நிறுவனத்தின் மனநல மருத்துவ மையம், 1950களில் அம்மையாரின் வாழ்நாளிலேயே தொடங்கியது. நோயாளியைக் குடும்பத்தினின்று பிரிக்காமல், உறவினரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்கு கொள்ளும் முறை அங்கே பின்பற்றப்பட்டது. குடும்பத்தாரின் பரிவும் மருந்தின் ஒரு கூறே என்பதை அது நிலைநாட்டியது.

மணம் புரியாது தொண்டிலேயே வாழ்ந்த அம்மையார், 1960ஆம் ஆண்டு மே மாதம் கொடைக்கானலில் மறைந்தார்.

நம் இல்லங்களிலும் முதியோரையும் நோயுற்றோரையும் இரவு பகலாகப் பேணுவோர் உளர். பெரும்பாலும் ஒரு மகளோ மருமகளோ மனைவியோ அச்சுமையைத் தனியே தாங்குகிறார். நோயாளியைக் காணச் செல்லும் நாம், அவர் உண்டாரா, உறங்கினாரா என்றும் கேட்க வேண்டும். ஓர் இரவேனும் அவர் பணியை நாம் ஏற்க வேண்டும். பேணுபவர் தளர்ந்தால் மருத்துவத்தின் நான்காவது உறுப்பும் தளர்ந்துவிடும் அன்றோ!