சேராத வாயுக்கள் சொல்லித் தந்த பாடம்

அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துப் பட்டறைகளில் 'ஆர்கான் வெல்டிங்' என்றெழுதிய பலகைகளைப் பட்டாபிராமில் வாழும் நாம் அறிவோம். கொதிக்கும் உலோகத்தைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் தீண்டாவண்ணம் காத்து நிற்பது ஆர்கான் வாயு. எதனோடும் எளிதில் சேராத அந்த வாயுவை உலகுக்குக் காட்டிய இருவரில் ஒருவர் சர் வில்லியம் ராம்சே.

நம் காந்தியடிகள் பிறந்த அதே அக்டோபர் 2-ஆம் நாளில், அவருக்குப் பதினேழு ஆண்டுகள் முன்னதாக, 1852-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ராம்சே பிறந்தார். ஜெர்மனியில் பயின்று 1872-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1887-இல் இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார்.

அந்நாளில் ராலே பிரபு ஒரு புதிரைக் கண்டார். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.257 கிராம் இருந்தது; சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜனோ 1.251 கிராம்தான். மிகச் சிறிய வேறுபாடு! ஆயினும் ராம்சே அதைப் புறக்கணிக்கவில்லை. காற்றின் நைட்ரஜனைச் சூடான மக்னீசியத்தின் மீது மீண்டும் மீண்டும் செலுத்தி உறிஞ்சச் செய்தார். இறுதியில் சிறிதளவு வாயு எஞ்சி நின்றது. அதுவே ஆர்கான். 1894-இல் இருவரும் அதை அறிவித்தனர். கிரேக்க மொழியில் 'சோம்பேறி' என்பது அப்பெயரின் பொருள்.

1868-இல் நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூர், மசூலிப்பட்டினம் முதலிய ஊர்களில் அறிஞர்கள் முழுச் சூரிய கிரகணத்தை ஆராய்ந்தபோது, சூரிய ஒளியில் இனந்தெரியாத மஞ்சள் கோடு ஒன்று தென்பட்டது. அதற்குரியதென ஊகிக்கப்பட்ட ஹீலியத்தை 1895-இல் ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து வெளிப்படுத்தியவரும் ராம்சேயே. 1898-இல் மாரிஸ் டிராவர்ஸுடன் சேர்ந்து கிரிப்டான், நியான், செனான் ஆகியவற்றையும் கண்டார். 1869-இல் மெண்டலீவ் வகுத்த தனிம அட்டவணையில் இவற்றுக்கு இடமே இல்லை. ஆகவே ஒரு புதிய தொகுதியே உருவாயிற்று. இன்று அது 18-ஆம் தொகுதி.

இவை ஏன் பிறவற்றோடு சேர்வதில்லை? விடை எலக்ட்ரானில் இருந்தது. ஹீலியத்தின் வெளிக்கூட்டில் இரண்டு, மற்றவற்றில் எட்டு எலக்ட்ரான்கள், குறையுமில்லை, மிகையுமில்லை. முதல் தொகுதியின் சோடியம் (2, 8, 1) ஒன்றை ஈந்து அந்நிலை அடைகிறது. 17-ஆம் தொகுதியின் குளோரின் (2, 8, 7) ஒன்றை ஏற்று அந்நிலை அடைகிறது. இவ்வாறு பிறப்பதே நம் சமையலறை உப்பு. இது அயனிப் பிணைப்பு. நீரிலோ ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக் கொள்கின்றன, இது சகப்பிணைப்பு. ஒரே தொகுதியில் உள்ளவை ஒன்றுபோல் நடப்பதற்கு, வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் ஒத்திருப்பதே காரணம். சேராத குடும்பம், சேரும் குடும்பங்களின் இரகசியத்தை உரைத்துவிட்டது!

டாடாவின் ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஏற்ற இடம் தேர ராம்சே 1900-இல் இந்தியா வந்து, பெங்களூரைப் பரிந்துரைத்தார். அக்கழகத்தின் முதல் இயக்குநராக அமர்ந்தவர் அதே டிராவர்ஸ். 1904-இல் ராம்சே வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். ராலே அதே ஆண்டில் பௌதிகப் பரிசு பெற்றார்.

ராம்சே 1916 ஜூலை 23 அன்று மறைந்தார். எலக்ட்ரான்களால் பிணைப்பை விளக்கிய லூயிஸ், கோசல் ஆகியோரின் கட்டுரைகள் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். 1962-இல் நீல் பார்ட்லெட் செனானையும் சேர்மமாக்கி, 'சேரவே சேராது' என்ற எண்ணத்தையும் மாற்றினார்.

தோழியரே, 2, 8, 8 என்று தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் எண்களுக்குப் பின்னால் ஒரு கிராமில் ஆயிரத்தில் ஆறு பங்கு வேறுபாடு நிற்கிறது. ஆய்வுக்கூடத்தில் நம் அளவு நூலின் விடையோடு ஒவ்வாதபோது, அதை அழித்துத் திருத்தி எழுதாமல், ஏன் என்று கேட்கப் பழகுவோமாக!