வாசல் காவலருக்கும் வேலை வைத்த பி. ரம்லி

சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயிலைத் தாண்டி நேராக நடந்தால் இடப்பக்கம் பாலஸ்டியர் சாலை பிரியும். அதில் போனால் ஒரு சின்னத் தெரு வரும். பெயர் ஜாலான் அம்பாஸ். அங்கே 8ஆம் எண்ணில்தான் ஷா சகோதரர்களின் மலாய் பிலிம் புரொடக்‌ஷன்ஸ் ஸ்டூடியோ இருந்தது. தீபாவளிக்குத் துணி எடுக்க லிட்டில் இந்தியா போய் வரும் நம்மவர்கள் பலருக்கு, பி. ரம்லி நடித்த, பாடிய, இயக்கிய இடம் இவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பது தெரியாது.

ரம்லியை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தோட்டத்து வீடுகளில் தொலைக்காட்சி வந்த காலத்தில், மலாய் சரியாகத் தெரியாத பாட்டிமார்கூட அவர் படத்துக்குச் சிரித்தார்கள். இன்று அவரை நினைக்க இன்னொரு காரணமும் உண்டு. நம் இளையவர்கள் குறும்படம் எழுதுகிறார்கள், டெலிமூவி எழுதுகிறார்கள். கதாநாயகனைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரும் கடைக்காரரும் வரும்போது கை ஓய்ந்துவிடுகிறது. வந்தார், பேசினார், போனார். வேறு சிலரோ வருகிறவர்கள் எல்லாருக்கும் ஊர், குலம், பழங்கதை என்று சொல்லிப் படத்தை இழுத்துவிடுகிறார்கள். சின்னப் பாத்திரத்துக்கு எவ்வளவு போதும் என்பது ரம்லிக்குத் தெரிந்திருந்தது. அவர் தொடங்கியதே அங்கிருந்துதானே!

1929 மார்ச் 22ஆம் தேதி பினாங்கில் பிறந்தார். இயற்பெயர் தெயுக்கு ஸக்காரியா. தந்தை அச்சேயிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் படிப்பு குலைந்தது, ஆனால் இசை கையில் தங்கிவிட்டது. 1948இல் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு விழாவில் அவர் பாடியதை, இந்தியாவிலிருந்து வந்து மலாய்ப் படங்களை இயக்கிக்கொண்டிருந்த பி.எஸ். ராஜ்ஹன்ஸ் கேட்டார். சிங்கப்பூருக்கு வரச் சொன்னார். அதே ஆண்டு வெளிவந்த 'சிந்தா' படத்தில் ரம்லிக்குக் கிடைத்தது பின்னணிப் பாட்டும் ஒரு துணை வேடமும்தான். கதாநாயகன் வாயசைக்க, குரல் இவருடையது. கதாநாயகனுக்கு ஏற்ற முகம் இல்லை என்று நினைத்தவர்கள் ஸ்டூடியோவிலேயே இருந்தார்கள்.

அந்த எண்ணத்தை உடைத்தவர் ஒரு தமிழர். சென்னையில் பிறந்து மலாயாவுக்கு வந்த இயக்குநர் எல். கிருஷ்ணன் 1950இல் 'பக்தி' படத்தில் ரம்லியை நாயகனாக்கினார். அதன்பின் ஏறுமுகம். 1955இல் 'பெனாரேக் பெச்சா' மூலம் ரம்லியே இயக்குநரானார். பெச்சா மிதிப்பவன் ஒருவனும் பணக்கார வீட்டுப் பெண்ணும் காதலிக்கும் கதை. ஸ்டூடியோவில் பெரும்பாலும் இந்திய இயக்குநர்களே கோலோச்சிய நேரம் அது. 'அனாக்கு சஸாலி' படத்தில் தந்தை, மகன் இரண்டு வேடத்தையும் ஏற்று 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். அதே 1957இல், வேலை நீக்கப்பட்ட கலைஞர்களுக்காக ஸ்டூடியோவில் வேலைநிறுத்தம் நடந்தபோது இந்த நட்சத்திரம் தொழிற்சங்கத்தின் பக்கமே நின்றார்.

சின்னப் பாத்திரம் எழுதும் கலைக்கு அவர் தந்த பாடம் 1961இல் வந்த 'செனிமான் பூஜாங் லாப்போக்'. நடிகராக ஆசைப்படும் மூன்று பிரம்மச்சாரிகளின் கதை. அவர்கள் வேலை கேட்டுப் போவது ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவுக்கேதான். வாசலில் ஒரு சீக்கியக் காவலர் நிற்கிறார். வேறு படமாக இருந்தால் கதவைத் திறந்துவிடுவதோடு அவர் வேலை முடிந்திருக்கும். இங்கே அவர் மலாய்க்காரர்களான அந்த மூவருக்கும் மலாய் மொழியைப் பற்றியே பாடம் நடத்துகிறார். இரண்டு நிமிடம் இருக்குமா? அவருக்கு மனைவி உண்டா, பிள்ளை எத்தனை, எந்தப் பஞ்சாப் கிராமம், எதுவும் நமக்குத் தெரியாது. அந்த மொழியின் மீது அவருக்கு ஒரு மரியாதை இருப்பது தெரிகிறது. ஆள் மனதில் நிற்க அது போதும்.

இன்னொரு காட்சி. கிடைத்த வசனத்தை மூவரும் இரவில் மனப்பாடம் செய்ய வேண்டும். குடியிருப்பதோ பல குடும்பம் வாடகைக்கு இருக்கும் வீடு. ஒருவர் மோட்டார் சைக்கிளை உறும விடுகிறார். ஒருவர் டிரம்பெட் ஊதிப் பழகுகிறார். ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டை. இவர்கள் யாரும் நாயகர்களைத் தொந்தரவு செய்ய வந்தவர்கள் அல்ல. ஒருவருக்கு வண்டி ஓட வேண்டும், இன்னொருவருக்கு ஊதல் சரியாக வர வேண்டும். அந்த இரவில் அவரவர் தேவை அவரவருக்கு. அந்தத் தேவைகளே நாயகர்களின் வழியில் குறுக்கே நிற்கின்றன. திரைக்கதை வகுப்பில் ஒரு வாரம் சொல்லித் தருவதை ரம்லி ஒரே வீட்டுக்குள் வைத்துவிட்டார்.

அதே படத்து ரவுடி சரிப் டோல், ஊரையே மிரட்டுகிறவன். தாயைக் கண்டால் மட்டும் பூனையாகிவிடுவான். அடியாளை மகனாக்க அவருக்கு அந்த அம்மா ஒருத்தியே போதுமாக இருந்தது.

'லாபு டான் லாபி' இன்னும் ஒரு படி மேல். கஞ்சப் பணக்காரர் ஹாஜி பாக்கிலும் அவர் மகளும்தான் வழக்கமாகக் கதையின் நடுவில் இருப்பார்கள். சமையல்காரனும் டிரைவரும் ஓரத்தில் நிற்பார்கள். 1962இல் ரம்லி அந்த இருவரையே கதாநாயகர்களாக்கி, அவர்களுடைய பகற்கனவுகளைப் படமாக்கினார். அதே ஆண்டின் 'இபு மெர்துவாக்கு' படத்தில், பார்வை இழந்த சாக்ஸபோன் கலைஞனுக்குப் பினாங்கில் ஒரு தாயும் மகளும் அடைக்கலம் தருகிறார்கள். அவனுடைய மனைவியை மணந்துகொண்ட கண் மருத்துவரோ வில்லன் இல்லை, நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் கடைசியில் ஒரு கைகலப்போடு கதை முடிந்திருக்கும். அவர் நல்லவர் என்பதால்தான் அந்த முடிவு இன்றும் நெஞ்சை அறுக்கிறது.

எல்லாப் படத்திலும் அவர் இப்படிச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். சில நகைச்சுவைப் படங்களில் பெண்களுக்குக் கத்துவதைத் தவிர வேலை இல்லை. அது குறைதான்.

1964இல் ரம்லி கோலாலம்பூர் போனார். மெர்டேக்கா ஸ்டூடியோவில் வசதி குறைவு, பணமும் குறைவு. ஜாலான் அம்பாஸ் கூட்டம் முழுதாக அவரோடு வரவில்லை. ஒரு பார்வையிலேயே பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும் நடிகர்கள் சுற்றிலும் இருந்த காலம் போயிற்று. வண்ணப் படங்களும் வெளிநாட்டுப் படங்களும் வந்துவிட, கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டிருந்தவரைக் கூட்டம் மறந்தது. 1968இல் 'கெரிமிஸ்' படத்தில் மலாய் ஓவியனும் லீலா என்ற இந்தியப் பெண்ணும் காதலிக்கும் கதையைத் துணிந்து எடுத்தார். அந்த நாளில் அது சின்ன விஷயம் இல்லை. 1972இல் வந்த 'லக்ஸமானா டோ ரே மி' கடைசிப் படம்.

1973 மே 29ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். வயது 44. கையில் பணம் இல்லாத நிலை. டான் ஸ்ரீ பட்டம் 1990இல் வந்தது. கோலாலம்பூரில் ஜாலான் பேரி என்றிருந்த சாலைக்கும் இன்று அவர் பெயர்தான்.

ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவை 1967இல் மூடிவிட்டார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் கேட் முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தக் கேட்டைப் பார்த்ததும் பலருக்கு ரம்லிக்கு முன்பே அந்தச் சீக்கியக் காவலர் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறார்.